ஒன்பது மணிக்குச் சொட்டு, ஒன்பதேகாலுக்கு வரலாறு

ஜனவரி 19, திங்கள்

பனி. ஏழரை வரை எதிர்வீடு தெரியவில்லை. பொங்கல் லீவு முடிந்து இன்று பள்ளி திறப்பு. தர்ஷினி போகவில்லை. டாக்டர் சொன்னது: தூசி கூடாது, புகை கூடாது, தலைக்கு ஊற்றக்கூடாது, வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி, மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. ஆறாம் வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்கு நடுவில் இதெல்லாம் எங்கே நடக்கும். அதனால் வீட்டிலேயே பள்ளிக்கூடம். நானே டீச்சர், நானே நர்ஸ், நானே பியூன்.

அட்டவணை (அவளே ஸ்கேல் வைத்துப் போட்டாள்):
9.00 சொட்டு
9.15 வரலாறு
10.00 சொட்டு
10.15 வாசிப்பு
11.00 சொட்டு
11.15 அறிவியல், செய்முறை
12.00 சொட்டு, சாப்பாடு
மதியம் தூக்கம், நடுவில் சொட்டு, சொட்டு, சொட்டு.

எட்டேகாலுக்கு ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடித்தது. டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை போல. ஜன்னல் துணியை விலக்கிப் பார்த்தாள். வெளிச்சம் பட்டு இடது கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பாக்காதன்னு சொன்னன்ல."

"பாக்கலம்மா. சத்தம் கேட்டுச்சு, அதான்."

வரலாறு: சான்றுகள். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், பயணக் குறிப்பு. எனக்கு வரலாறு வராது. அவளுக்கு வரும். "நேர்ல பாத்தவங்க சும்மா இருந்துட்டா அப்புறம் எப்பிடிம்மா தெரியும்?" என்றாள். நல்ல கேள்வி என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினேன்.

அறிவியல்: நுண்ணுயிரிகள். மூன்று டப்பா. ஒன்றில் ரொட்டித் துண்டு, ஒன்றில் சோறு, ஒன்றில் நேற்றைய களி. தண்ணீர் தெளித்து மூடி, அலமாரியின் கீழ்த்தட்டில். வெள்ளி வரை திறக்கக் கூடாது. நோட்டில் மூன்று பத்தி: என்ன செய்தோம், என்ன பார்த்தோம், என்ன தெரிந்தது. செய்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும், விட்டுவிட்டால் அது அறிவியல் இல்லை என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

இதை யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன்.

8ஆம் தேதி எங்கள் கேவுரை, கேழ்வரகைத்தான், அறுத்துத் தார் ரோட்டில் பரப்பியிருந்தோம். இந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணி உதிர்ந்துவிடும், அடிக்க ஆள் தேட வேண்டாம். பள்ளி விட்டு வந்தவள் கதிரைப் புரட்டிப் போட வந்தாள். நான்தான் கூப்பிட்டேன். ஒரு லாரி வேகம் குறைக்காமல் போனது. உமி பறந்து இடது கண்ணில்.

அன்று சாயங்காலமே வாசலில் நிற்கும் செடியில் நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக் கசக்கினேன். செல்வி என் கொழுந்தன் மனைவி, பக்கத்து வீடு, ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது. அவளிடம் ஒரு சங்கு தாய்ப்பால் வாங்கிக் கலந்து, துணி முனையில் நனைத்துக் கண்ணில் விட்டேன். மூன்று நாள், காலையும் மாலையும். கண்ணில் எது பட்டாலும் எங்கள் ஊரில் இதுதான். எனக்கும் சின்ன வயதில் விட்டிருக்கிறார்கள், சரியாகியிருக்கிறது. நான் தாவரவியல் படித்தவள். பி.எஸ்சி., பி.எட். கை கழுவினேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

12ஆம் தேதி கருவிழியில் வெள்ளைப் புள்ளி. தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் முதலில் கேட்டது, "நீங்க என்ன பண்றீங்க?" சயின்ஸ் டீச்சர் என்றேன். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். அடுத்தது, "எலைச்சாறு, தாய்ப்பாலு, எதுனா ஊத்தனீங்களா?"

"இல்லைங்க சார்."

டீச்சர் என்று சொன்ன வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. போதாததற்கு, உள்ளே போகும் முன்பே அவளிடமும் சொல்லிவைத்திருந்தேன். "பூ வுட்டத சொல்லாத, திட்டுவாங்க."

ஜனவரி 20, செவ்வாய்

வெயில் சுள்ளென்று. கிழக்கு ஜன்னலில் என் பழைய கறுப்புச் சேலையை மடித்துத் தொங்கவிட்டேன்.

வாசிப்பு: நூலகத்தில் எடுத்த புத்தகம், வழி தப்பிய யானைக்குட்டி. நான் படித்துக் காட்டினால் பிடிக்கவில்லை. "நீ கமாவுல நிக்க மாட்டேங்கற." தானே படித்தாள். வலது கண்தான், ஆனால் அது வரியோடு நகர நகர இடதும் கூடவே நகர்கிறது, வலிக்கிறது. கால் மணி நேரத்தில் பிடுங்கி வைத்துவிட்டேன். புத்தகத்தைப் பிடுங்கி வைக்கும் டீச்சர் நானாகத்தான் இருப்பேன்.

சொம்பிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். தம்ளருக்கு ஒரு விரற்கடை பக்கத்தில் ஊற்றினாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக் காலால் தேய்த்தாள். பார்க்காத மாதிரியே இருந்துகொண்டேன்.

வகுப்பு டீச்சர் வாட்ஸ்ஆப்பில் எட்டுப் பக்கம் ஹோம்வொர்க். கீழே ஒரு பூங்கொத்துப் படம், சீக்கிரம் குணமடைய வாழ்த்து. பதிலுக்கு நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

மத்தியானம் செல்வி வந்தாள். இடுப்பில் குழந்தை. தர்ஷினி தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் குடுத்த பாலுல எதுனா ஆயிருக்குமா?" என்றாள்.

"உம் பாலுக்கு என்னாடி. உமி பட்டுது."

"அப்ப எம் புள்ளைக்கு சளி புடிச்சிருந்துச்சு. அத நெனச்சா சோறு எறங்கல."

"நீயா ஊத்தன? நான் கேட்டன், நீ குடுத்த. பேசாம இரு."

ஆறுதலாகச் சொல்ல நினைத்தது அதட்டலாக வந்தது. எனக்கு அப்படித்தான் வரும். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

தோசைக்கு மாவு இல்லை. வாங்க: ரவை, சோப்பு, பஞ்சு (பெரியது), ஏ4 நோட்டு.

ஜனவரி 21, புதன்

ஆஸ்பத்திரி. காலை 7.10 பஸ், பாப்பாரப்பட்டியில் ஏறிய கூட்டம் அப்படியே தர்மபுரி வரை. ஜன்னலை மூடச் சொன்னதற்கு ஒருவர், "காத்து வேணாமா" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். மூடிவிட்டார்.

இரண்டரை மணி நேரம் பெஞ்சில். எங்களுக்கு முன்னால் போன அம்மா விளக்கெண்ணெய் ஊற்றியதைச் சொல்லிவிட்டாள். டாக்டர் போட்ட சத்தம் வெளியே வரை கேட்டது. "கண்ணு என்னா மாட்டு வண்டி அச்சா?" பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

புண் ஆறவில்லை. மரத்துப்போகும் மருந்து விட்டு, சின்னக் கத்தியால் கருவிழியைச் சுரண்டி எடுத்தார்கள். அவள் என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. அழவில்லை. கேட்டதற்கு, "அசையக்கூடாதுன்னாங்கல்ல" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் முடிவு. பூஞ்சை.

டாக்டர்: "மொத நாளே சந்தேகம் வந்திருந்தா அன்னிக்கே சுரண்டிப் பாத்திருப்பன். ஒம்பது நாளு வேற மருந்து ஊத்திருக்கோம்." பிறகு பேனாவை வைத்துவிட்டு, "உமிதானா? வேற எதும் வுடலையே?"

"உமிதாங்க சார்."

இரண்டாவது தடவை. இந்தத் தடவை கூச்சம் இல்லை, பயம். அவள் தலையைத் திருப்பி வலது கண்ணால் என்னைப் பார்த்தாள்.

உமியாலும் பூஞ்சை வருமாம். பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உமியாகவே இருக்கட்டும். பூஞ்சை எதனால் வந்தால் என்ன, ஒன்பது நாளைத் தொலைத்தது நான்தான். அதற்கு உமி என்ன செய்யும்.

புது மருந்து வெள்ளையாக, பால் மாதிரி. குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும்.

சாயங்காலம் அவர் பெங்களூரிலிருந்து போன் செய்தார். டைல்ஸ் வேலை அங்கே, மாதம் ஒரு தடவை வருகிறவர். தர்ஷினி என் மடியில் மல்லாந்து படுத்திருந்தாள், நான் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பூஞ்சையா? அது எப்பிடி வரும்?"

"உமியில வருமாம்."

"இங்க சைட்ல ஒருத்தன் சொல்றான், பூவு, பாலுன்னு கண்டத ஊத்துனாதான் அப்பிடி ஆவும்னு. செல்வி எதுனா பண்ணிச்சா?"

"அதெல்லாம் இல்லைங்க."

"எவ பண்ணியிருந்தாலும் சொல்லு. அவ கைய ஒடிச்சிட்டுதான் மறுவேலை."

அவர் சொன்னால் செய்கிற ஆள் இல்லை. எனக்குத் தெரியும். பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. மடியில் அவள் கண்ணை இறுக்கி மூடினாள். மருந்து கன்னத்தில் வழிந்துவிட்டது. துடைத்து மறுபடி விட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

மேகமூட்டம். நல்லது. 5.30க்கு மேல் அவளைக் கொஞ்சம் வெளியே கூட்டிப்போகலாம் என்று தோன்றியது. நான்கு சுவருக்குள் பிள்ளை வெளுத்துப்போகிறது.

வரலாறு வெளியில். ஏரிக்கரை தாண்டி ரத்தினம் காட்டில் ஒரு நடுகல் நிற்கிறது. ஊரில் அதற்கு வேடியப்பன் என்று பெயர், மஞ்சளும் குங்குமமும் அப்பி வருடம் ஒரு பொங்கல். அவள் அதைச் சாமி என்றுதான் நினைத்திருந்தாள். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன் கல் அது என்று சொன்னேன். கண்ணாடியோடு சரியாகத் தெரியவில்லை என்று கையால் தடவினாள். வில். இடுப்பில் கத்தி. காலடியில் ஒரு மாடு, கொம்பு மட்டும் மிச்சம். மேலே நாலு வரி எழுத்து, பாதி தேய்ந்தது.

"இவரு சண்டையில செத்தாருன்னு யாரு பாத்தது?"

"கூட சண்டைக்குப் போனவங்க."

"அவங்க சாவலையா?"

"செத்திருந்தா யாரு வந்து சொல்றது."

கொஞ்ச நேரம் மாட்டுக் கொம்பையே தடவினாள். "அப்ப ஓடி வந்தவங்கதான் கல்லு வெச்சிருக்காங்க" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளில் முதல் சிரிப்பு. அவளும் சிரித்தாள், தண்ணீர் வழிய வழிய.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த மாரக்கா நின்று, "என்னாங்க டீச்சரு, புள்ளைக்குக் கண்ணு எப்பிடி இருக்குது?" என்றாள். பரவாயில்லை என்றேன். "நந்தியாவட்டப் பூவு வுட்டீங்களா? எங்க பேரனுக்கு அதுலதான் கேட்டுச்சு."

ஏரிக்கரைப் பக்கம் திரும்பி நடந்தேன். தர்ஷினி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், மேடு பள்ளம் தெரியவில்லை என்று.

ராத்திரிக்கும் அலாரம் வைத்தாயிற்று. தூக்கம் துண்டு துண்டாக.

ஜனவரி 23, வெள்ளி

பனி. பால்காரர் வரவில்லை. வரக்காப்பி.

கணக்கு கொஞ்சம், வேண்டாவெறுப்பாக. வாசிப்பு பத்து நிமிடம். யானைக்குட்டி ஆற்றைக் கடந்துவிட்டது. இன்று நான் கமாவில் நின்றேன்.

11.15க்கு டப்பாக்களைப் பார்த்தோம். மூடியைத் திறக்காமல், வெளியிலிருந்து, பழைய பூதக்கண்ணாடி வைத்து. மூக்கில் துணி கட்டி ஆறடி தள்ளி உட்கார் என்றேன், அவள் கேட்கவில்லை, துணியை மட்டும் கட்டிக்கொண்டு கிட்டே வந்தாள். ரொட்டியில் பச்சைத் திட்டு. சோற்றில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ. களியில்தான் அதிகம். வெள்ளையாக, பஞ்சு மாதிரி மேலெல்லாம், நடுவில் சாம்பல் நிறம்.

நல்ல வகுப்பு. நூல் நூலாக இருக்கிறதே அதுதான் அதன் உடம்பு, விதை மாதிரி ஒன்றைக் காற்றில் விடும், ஈரமும் சாப்பாடும் கிடைத்த இடத்தில் வேர் பிடித்த மாதிரி உள்ளே இறங்கும் என்று என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். ஆறு வருடம் சொன்ன வாய். நிறுத்தியபோதுதான் பார்த்தேன், பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"எங் கண்ணுலயும் இதே மாதிரிதான் இருக்குதாம்மா?"

"இவ்ளோ இல்ல."

"உள்ள எறங்குதா?"

"அதுக்குத்தான மருந்து."

நோட்டை எடுத்தாள். என்ன செய்தோம் என்ற பத்தியில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாள்: களி எத்தனை நாள் பழையது, எத்தனை ஸ்பூன் தண்ணீர், யார் தெளித்தது, எல்லாம். பக்கத்தின் அடியைக் காட்டி, "அன்னிக்கு பூவு வுட்டதையும் ஒரு நோட்டுல இப்பிடி எழுதியிருக்கணும்லம்மா" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அது தெரியாது. நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்துபோய் டப்பாக்களை வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். பாத்ரூமில் நின்று கொஞ்சம் அழுதேன். நான் என் பிள்ளையின் கண்ணைக் கெடுத்தேன், கெடுத்ததை மறைத்து மேலும் கெடுத்தேன். இதை வேறு மாதிரி சொல்ல வழியில்லை.

நாளை டாக்டரிடம் சொல்லிவிடுவேன். என்ன ஊற்றினோம் என்று தெரிந்தால் அவருக்கு மருந்து மாற்ற உதவலாம். திட்டினால் திட்டட்டும். மூன்று வாக்கியம்:
1. சார், உங்களிடம் ஒரு விஷயம் மறைத்துவிட்டேன்.
2. உமி பட்ட அன்று முதல் மூன்று நாள் நந்தியாவட்டைப் பூவும் தாய்ப்பாலும் விட்டேன்.
3. விட்டது நான்.

ஜனவரி 24, சனி

7.10 பஸ். வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவதைக் கடைசியில் சொல்வதா முதலில் சொல்வதா என்று தர்மபுரி வரை யோசனை. அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

இன்று கூட்டம் குறைவு. பத்து மணிக்கே கூப்பிட்டார்கள். அவளை மிஷினில் முகவாயை வைத்து உட்காரச் சொன்னார். நான் நாற்காலிக்குப் பின்னால். வெகுநேரம் பார்த்தார். சீட்டில் ஒரு வட்டம் போட்டு உள்ளே கோடு கோடாக நிரப்பினார். புதன்கிழமை போட்ட வட்டத்தில் கடலை அளவு நிரப்பியிருந்தார். இன்று பாதி வட்டம்.

"பெருசாயிருச்சு. ஆழமும் போயிருக்குது. வெறும் உமிக்கு..." என்று இழுத்தார்.

நான் "சார்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. ஏனென்றால் அதே நேரம் அவள் பேசினாள், முகவாயை மிஷினிலிருந்து எடுக்காமல்.

"நான்தான் சார் ஊத்துனன். நந்தியாவட்டப் பூவு. அம்மாவுக்குத் தெரியாது."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. எல்லாரும் ஊத்துவாங்க சார்."

"எத்தன நாளு?"

"மூணு நாளு. காலைலயும் சாயங்காலமும்."

"பாலு?"

"இல்லைங்க சார். பூவு மட்டும்."

செல்வியையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டாள்.

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். விளக்கெண்ணெய்க்குப் போட்ட சத்தம் இல்லை, அதைவிட மோசம், மெதுவாகச் சொன்னார். "ஆறாவது படிக்கற. வூட்டுல சயின்ஸ் டீச்சரு இருக்காங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பாங்கல்ல? உங் கண்ண நீயே கெடுத்துக்கிட்டியே கண்ணு."

அவள் "ஆமாங்க சார்" என்றாள்.

என் கை அவள் நாற்காலி முதுகில் இருந்தது. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். அடுத்த நொடியிலும் சொல்லியிருக்கலாம். அவர் சீட்டில் எழுதும் வரை, எழுதி மடிக்கும் வரை நேரம் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க என்னா பண்ணுவீங்க பாவம்" என்றார். நான் தலையாட்டினேன்.

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். திங்கள் குடியரசு தினம், செவ்வாய் போக வேண்டும். பார்வை? கேட்டேன். "புண்ண ஆத்தறதுதான் இப்ப வேல. வெளிச்சம் தெரியும். எழுத்து தெரியும்னு சொல்ல முடியாது." கருவிழி மாற்றுவதைப் பற்றியும் ஏதோ சொன்னார், பிற்பாடு, ஆறின பிறகு. பாதிதான் காதில் ஏறியது.

பஸ் ஸ்டாண்டில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அப்பா கைய ஒடிச்சிருவாருல்ல."

"அவரு சும்மா சொல்றது. நான் சொல்லத்தான்டி இருந்தன்."

உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு, "நீ சொல்ல மாட்டம்மா" என்றாள். கோபம் இல்லை. மழை வராது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சார் என்று வாயைத் திறந்ததைச் சொல்ல வந்தேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

வெயில். எடுத்து வைக்க வேண்டியவை: பழைய சீட்டு எல்லாம், ஆதார், காப்பீட்டு அட்டை, இரண்டு செட் துணி, போர்வை, மருந்து (ஐஸ் பெட்டியில் வேண்டாமாம்), யானைக்குட்டி புத்தகம்.

லீவுதானே, பாடம் வேண்டாம் என்றேன். "செவ்வாக்கிழம போயிட்டா எப்ப வருவோமோ" என்று அவளே வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். இரண்டு பக்கம் படித்தேன். என்ன படித்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. நேற்று ராத்திரியே செல்வியிடம் சொல்லிவிட்டேன், தர்ஷினி சொன்னதை. அவள் என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பேசாததைச் சொல்லவில்லை.

பதினொன்றரைக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போன் அடித்தது, அவள் எடுத்தாள். அவர்தான். கோயம்புத்தூருக்கு லீவு சொல்லியாயிற்று என்று சொல்ல. கல்லில் துணியை அடிக்காமல் நின்றேன்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்பா. செல்வி சித்தி இல்லப்பா. நான்தான் பூவு ஊத்திக்கிட்டன்."

அந்தப் பக்கம் கத்தியது கொல்லை வரை கேட்டது, வார்த்தை புரியவில்லை. பிறகு சத்தமே இல்லை. அவர் அழுதிருக்க வேண்டும், ஏனென்றால் அவள், "அழாதப்பா" என்றாள். "தெரியாம பண்ணிட்டன்பா. இனிமே பண்ண மாட்டன்."

சோப்புக் கையோடு உள்ளே ஓடினேன். இந்தத் தடவை சொல்லிவிடுவேன் என்றுதான் ஓடினேன். போனை நீட்டினாள், "அப்பா உங்கிட்ட பேசணுமாம்."

காதில் வைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கேட்டியா?" என்றார்.

"கேட்டன்."

"கொழந்த. தெரியாம பண்ணிருச்சு. உனக்குக் கோவம் வரும், எனக்குத் தெரியும். அதுக்காக அவள அடிச்சிராத."

அவள் எதிரில் நின்று, நல்ல கண்ணால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடிக்க மாட்டேன் என்றேன்.